ஆற்றலும் இயந்திரமும்: ஜூல் கணக்கில் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

'அந்த மோட்டாருக்குச் சக்தி அதிகம்.' 'பெட்ரோலில் நிறைய சக்தி இருக்கிறது.' 'இன்னும் கொஞ்சம் சக்தியைப் போட்டுத் தள்ளு.' மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. மோட்டாருக்கு இருப்பது திறன். பெட்ரோலில் இருப்பது ஆற்றல். தள்ளும்போது கொடுப்பது விசை. இயந்திரவியல் பலருக்கும் பிடிபடாமல் போவதற்குக் கணக்கு காரணமில்லை. இந்த மூன்றும் ஒரே சொல்லுக்குள் கலந்து கிடப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டால் கடப்பாரையும் அணுமின் நிலையமும் ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். படிகளை வரிசையாகப் படியுங்கள். எண்கள் வரும் இடங்களில் ஒரு தாளில் நீங்களும் போட்டுப் பாருங்கள். வெறுமனே வாசித்தால் மறந்துபோகும், போட்டுப் பார்த்தால் நிற்கும்.

படி 1: மூன்றையும் பிரியுங்கள்

விசை என்பது தள்ளல் அல்லது இழுத்தல். அதன் அலகு நியூட்டன். 100 கிராம் பொருள் ஒன்றை உள்ளங்கையில் வையுங்கள். அது கையைக் கீழே அமுக்குகிறதே, அதுதான் ஏறத்தாழ ஒரு நியூட்டன். ஒரு கிலோ என்றால் 9.8 நியூட்டன்.

அதே 100 கிராமை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். நீங்கள் செய்த வேலை ஏறத்தாழ ஒரு ஜூல். விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை கிடைக்கும். அந்த வேலையைச் செய்யக் கையிருப்பாக இருப்பது ஆற்றல். இரண்டுக்கும் அலகு ஜூல்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். சுவரை அரை மணி நேரம் தள்ளினால் வியர்க்கிறது, களைப்பாகிறது. சுவரோ நகரவில்லை. அப்படியானால் வேலை பூஜ்யமா? சுவரின் மேல் செய்த வேலை பூஜ்யம்தான். ஆனால் தசை இறுகியே இருக்க வேண்டுமானால் உள்ளே நார்கள் ஓயாமல் இழுத்து விட்டுக்கொண்டிருக்க வேண்டும். உடலின் ஆற்றல் அங்கே செலவாகி வெப்பமாகிறது. வியர்வைக்கு அதுதான் காரணம்.

திறன் என்பது வேகம் சம்பந்தப்பட்டது. ஒரு நொடிக்கு ஒரு ஜூல் வீதம் வேலை நடந்தால் அது ஒரு வாட். இதை இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். உங்கள் எடை 60 கிலோ, மாடி 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறி முடிக்க 60 × 9.8 × 3, அதாவது 1,764 ஜூல் வேண்டும். 12 நொடியில் நிதானமாக ஏறினால் உங்கள் திறன் 147 வாட். 4 நொடியில் ஓடி ஏறினால் 441 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் அந்த நான்கு நொடிக்கு நீங்கள் அரைக் குதிரைக்கும் மேல். இரண்டு தடவையும் ஏறிய உயரம் ஒன்றே, உடலை உயர்த்தச் செலவான ஜூலும் ஒன்றே. மாறியது திறன் மட்டும்.

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட்-மணி, நாம் சொல்லும் ஒரு யூனிட். ஜூலில் அது 36 லட்சம். யூனிட் என்பது ஆற்றலின் அளவு, வாட் என்பது அது செலவாகும் வேகம். 'இந்த பல்பு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வாட் இழுக்கும்?' என்று கேட்டால் கேள்வியே தவறு.

படி 2: ஜூலின் அளவைக் கையால் உணருங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். சூத்திரம் தெரிந்தவர்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4,186 ஜூல். 70 டிகிரிக்கு 2,93,000 ஜூல். சரி, இதே ஆற்றலை அந்தத் தண்ணீரைத் தூக்கச் செலவிட்டால் எவ்வளவு உயரம் போகும்? ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல். வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வரும். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு பாத்திரத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர அவ்வளவு.

வெப்பத்தின் கணக்கு எப்போதும் பெரியது, தூக்குவது தள்ளுவதின் கணக்கு சிறியது. இதை 1840-களில் ஜேம்ஸ் ஜூல் அளந்து காட்டினார். விழும் எடைகளைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார். எடைகளைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி விழவிட்டாலும் சூடு மிகக் கொஞ்சமே ஏறியது. அந்தச் சின்ன மாற்றத்தை அளக்க அவருக்கு மிக நுட்பமான வெப்பமானிகள் தேவைப்பட்டன.

இன்னொரு கணக்கு. ஆரோக்கியமான ஒருவர் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 யூனிட். ஒரு மனிதரின் முழு நாள் உடலுழைப்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்குக்கூட எட்டவில்லை. எரிபொருளும் மின்சாரமும் மனித வாழ்க்கையை ஏன் இப்படிப் புரட்டிப் போட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியாது.

படி 3: எளிய இயந்திரங்களில் கொடுக்கல் வாங்கல்

நெம்புகோல், கப்பி, சாய்தளம், திருகு, ஆப்பு, சக்கரமும் அச்சும். பள்ளியில் ஆறாகப் படித்திருப்போம். உண்மையில் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றே ஒன்று: விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுத்தாக வேண்டும். எந்த எளிய இயந்திரமும் ஒரு ஜூலைக்கூடச் சேர்த்துத் தராது.

ஒன்றரை மீட்டர் கடப்பாரையின் நுனியைப் பாறைக்கு அடியில் விட்டு, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு சிறு கல்லை அண்டக் கொடுக்கிறீர்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் 15, உங்கள் பக்கம் 135. விகிதம் ஒன்பது. நுனியில் 180 கிலோ பாரம் இறங்கினால், உங்கள் கை 20 கிலோ அளவுக்கு அமுக்கினால் போதும். ஆனால் பாறை 5 சென்டிமீட்டர் எழும்ப உங்கள் கை 45 சென்டிமீட்டர் கீழே வர வேண்டும்.

நம் முழங்கை இதற்கு நேர் எதிர். புஜத்தசை முழங்கை மூட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. சுமையோ உள்ளங்கையில், ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தூரத்தில். கையில் 5 கிலோ பிடித்தால் தசை அதைப்போலப் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக, தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம் வேகமாக வீசுகிறது. பந்தை எறிய முடிவது இதனால்தான்.

கப்பியில், மேலே கட்டிய ஒற்றைக் கப்பி திசையை மட்டும் மாற்றும். சுமையோடு சேர்ந்து நகரும் கப்பி விசையைப் பாதியாக்கும். சுமையை நான்கு கயிறுகள் தாங்கினால் விசை கால் பங்கு, இழுக்கும் கயிறு நான்கு மடங்கு நீளம். சாய்தளமும் அப்படியே. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஐந்து மீட்டர் பலகை போட்டால், உராய்வை விட்டுவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு விசை. மலைப்பாதை நேரே ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவதும் இதே கணக்குதான்.

அந்தச் சாய்தளத்தை ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டினால் திருகு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கார் சக்கரத்தை நான் முதன்முதலில் மாற்றியபோது, ஒரு கையால் சுற்றும் ஜாக்கி காரின் ஒரு மூலையையே தூக்கியதைப் பார்த்து அசந்துபோனேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நின்ற நிலையில் மேலே எழும்பும் எளிய திருகு ஜாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கைப்பிடி நீளம் 30 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்குத் திருகு ஏறுவது 3 மில்லிமீட்டர். கை ஒரு சுற்று சுற்றினால் 188 சென்டிமீட்டர் பயணம். காரோ 3 மில்லிமீட்டர்தான் எழும்புகிறது. விகிதம் 628. அந்த மூலையின் பாரம் 600 கிலோ என்றால் ஒரு கிலோவுக்கும் குறைவான விசை போதும் என்று கணக்கு சொல்லும். நடப்பில் அப்படி இல்லை. மரைகளின் உராய்வு முக்கால் பங்கைத் தின்றுவிடுவதாக வைத்தால், கிட்டத்தட்ட நான்கு கிலோ அளவுக்குக் கை தள்ள வேண்டும். 15 சென்டிமீட்டர் தூக்க 50 சுற்று, கைக்கு 94 மீட்டர் பயணம். செலவு சுமார் 3,500 ஜூல், கார் பெற்றது 882 ஜூல்.

முக்கால்வாசி வீணாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் கையை எடுத்த பிறகும் கார் மேலேயே நிற்கிறது, கவனித்தீர்களா? அதைப் பிடித்து நிறுத்துவது அந்த உராய்வுதான். எண்ணெய் போட்டு, மரையை மாற்றி, போட்ட உழைப்பில் பாதிக்கு மேல் சுமைக்குப் போய்ச் சேரும்படி திருகை வழவழப்பாக்கினால், கையை விட்ட உடனே சுமை தானாகத் திருகைத் திருப்பிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிடும். இந்த இடத்தில் வீணானது என்று நினைத்ததுதான் காவல். இருந்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். அது சரியலாம், நிலம் அமுங்கலாம். தாங்குகால் வைத்த பிறகுதான் அடியில் தலையை நீட்ட வேண்டும்.

ஸ்பேனரிலும் பல்சக்கரத்திலும் நடப்பது சுழற்சிக் கணக்கு. 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 200 நியூட்டன் கொடுத்தால் முறுக்குவிசை, அதாவது விசையை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கியது, 50 நியூட்டன்-மீட்டர். நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதே கைக்கு 100. சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 48 பல், பின்னதற்கு 16 என்றால், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று. வேகம் மூன்று மடங்கு, முறுக்குவிசை மூன்றில் ஒன்று. மேட்டில் ஏறும்போது கியரை மாற்றுவது இந்த விகிதத்தைக் குறைக்கத்தான்.

படி 4: உராய்வு எங்கே போகிறது என்று பாருங்கள்

உள்ளங்கைகளைப் பத்து நொடி வேகமாகத் தேய்த்தால் சூடு தெரியும். இழந்த ஜூல் எங்கேயும் மறையவில்லை, வெப்பமாகிவிட்டது. பேரிங், கிரீஸ், சக்கரம் எல்லாம் சரிந்து உரசுவதை உருண்டு நகர்வதாக, அல்லது எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்குவதாக மாற்றும் ஏற்பாடுகள்.

ஓடும் பொருளின் ஆற்றலில் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது: அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 1,000 கிலோ கார் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் 50,000 ஜூல். 72-இல் போனால் ஒரு லட்சம் அல்ல, இரண்டு லட்சம். அத்தனையையும் பிரேக் வெப்பமாக்க வேண்டும். பிரேக் அதே விசையில் பிடித்தால் நிற்க நான்கு மடங்கு தூரம் ஆகும். மின்சார வாகனங்களில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, இதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

படி 5: மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போங்கள்

எந்த ஆற்றலையும் எடுத்து 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டுக்கொண்டே பின்னால் போங்கள். பெரும்பாலும் சூரியனில் போய் முடியும். காற்று வீசுவது பூமியைச் சூரியன் சமமில்லாமல் சூடாக்குவதால். அணை நிரம்புவது அது தண்ணீரை ஆவியாக்கி மேலே ஏற்றியதால். நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர்கள் சேமித்த வெயில். விலக்கு மூன்று: அணு ஆற்றல், பூமியின் உள்வெப்பம், நிலவின் ஈர்ப்பும் பூமியின் சுழற்சியும் முதன்மையாக எழுப்பும் கடல் ஓதம்.

அடுத்த கேள்வி, இந்த மூலம் எப்படி அச்சைச் சுழற்றுகிறது? 1831-இல் மைக்கேல் பாரடே மின்தூண்டலை, அதாவது காந்தம் நகரும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் எழுவதைக் கண்டறிந்ததிலிருந்து, மின்சாரம் என்றாலே பெரும்பாலும் காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையிலான சுழற்சிதான். நிலக்கரி தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது, நீராவி டர்பைன் என்ற இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அணு உலையும் அதையேதான் செய்கிறது. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் சுமார் 80 லட்சம் கோடி ஜூல், ஏறத்தாழ 3,000 டன் நிலக்கரிக்குச் சமம். இருந்தும் கடைசியில் நீராவிதான்.

வெப்பத்திலிருந்து சுழற்சிக்கு வரும் இந்த இடத்தில்தான் பெரிய இழப்பு. அதற்குப் பொறியாளரைக் குறை சொல்ல முடியாது. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டியபடி, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும்போதுதான் வேலை எடுக்க முடியும். ஒரு பங்கைக் குளிர்ந்த பக்கத்தில் விட்டே ஆக வேண்டும். நீராவி 550 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால், உராய்வே இல்லாத இயந்திரம்கூட 63 சதவீதத்தைத் தாண்டாது. நடைமுறையில் நிலக்கரி நிலையங்கள் 33 முதல் 40-க்குச் சற்று மேல் வரை நிற்கின்றன. அவற்றின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் வெண்மேகம் அந்த விட்டுக்கொடுத்த பங்கு.

நீர்மின் நிலையத்தில் வெப்பம் இடையில் வருவதில்லை, அதனால் 90 சதவீதம் வரை தேறும். நொடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் 980 கிலோவாட், மின்சாரமாகக் கிடைப்பது சுமார் 880.

காற்றில் வேகம்தான் எல்லாம். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. காற்றாலை வைக்க இடம் பார்க்கும்போது மற்ற எதையும்விட இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும். கடந்துபோகும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது, இது பெட்ஸ் வரம்பு. முழுவதையும் எடுத்தால் காற்று இறக்கையின் பின்னால் அசையாமல் நின்றுவிடும், அடுத்த காற்று உள்ளே வர வழியிருக்காது.

சூரியத் தகட்டில் சுழலும் பாகமே இல்லை. தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழும், நல்ல தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும்.

பேட்டரியையும் ஹைட்ரஜனையும் மூலங்களின் பட்டியலில் சேர்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவை பாத்திரங்கள். ஊற்றியதைவிடக் கொஞ்சம் குறைவாகவே திரும்பக் கிடைக்கும். பாத்திரத்தின் கொள்ளளவும் முக்கியம்தான்: ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 4.5 கோடி ஜூல், ஒரு கிலோ லித்தியம்-அயான் பேட்டரியில் பெரும்பாலும் 10 லட்சத்துக்கும் கீழே. ஆனால் பெட்ரோல் எஞ்சின் கால்வாசியை ஒட்டித்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, மின்மோட்டார் 90 சதவீதத்தை நெருங்கும். ஒப்பிடும்போது இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

படி 6: சங்கிலியை வரைந்து பெருக்குங்கள்

ஒரு சாதனத்தை எடுத்து, மூலத்திலிருந்து பயன் வரை ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வளையமாக வரையுங்கள். தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று வைப்போம். நிலக்கரியில் 100 ஜூல். மின்நிலையம் 35 சதவீதம் என்றால் மிச்சம் 35. கம்பி வழியில் கொஞ்சம் போய் 32. மோட்டார் 85 சதவீதம், 27. பம்பு 60 சதவீதம், 16. தண்ணீர் மேலே ஏறப் பயன்பட்டது 16 ஜூல்.

வளையங்களைப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. அதனால்தான் கடைசி முனையில் செய்யும் சிக்கனத்துக்கு மதிப்பு அதிகம். மேலே ஏறும் தண்ணீரில் ஒரு ஜூலை மிச்சம் பிடித்தால், நிலக்கரியில் ஆறு ஜூல் மிச்சம். ஒழுகும் குழாயை அடைப்பது மின்நிலையம் வரை எட்டுகிறது.

'இலவச மின்சாரம்' என்று சுற்றும் காணொளிகளையும் இதே பெருக்கலில் சோதிக்கலாம். மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றும், ஜெனரேட்டர் அந்த மோட்டாருக்கே மின்சாரம் தரும் என்பார்கள். இரண்டும் 90 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு சுற்றில் மிச்சம் 81. பத்து சுற்றில் 12. ஓயாத இயந்திரங்கள் பற்றிய மனுக்களை இனி பரிசீலிப்பதில்லை என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775-லேயே முடிவெடுத்துவிட்டது. இந்த வலையில் பணத்தைப் போட்டு ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரிந்தவர்களிடம் இந்தப் பெருக்கலைச் சொல்லுங்கள்.

படி 7: உங்கள் பம்பையே அளந்து பாருங்கள்

1,000 லிட்டரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 98,000 ஜூல் வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில், தன் இழப்பையும் சேர்த்து மின்கம்பியிலிருந்து சுமார் 880 வாட் இழுக்கும். தொட்டியில் 1,000 லிட்டர் ஏற 10 நிமிடம் ஆனால், இழுத்தது 880 × 600, அதாவது 5,28,000 ஜூல். 98,000-ஐ இதால் வகுத்தால் 18 முதல் 19 சதவீதம். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். அடிவால்வில் குப்பை அடைத்திருக்கலாம், குழாய் சிறியதாக இருக்கலாம், தேவைக்கு மேல் வளைவுகள் இருக்கலாம், பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருக்கலாம். முதலில் வால்வைச் சுத்தம் செய்து மறுபடி நேரம் பாருங்கள். பத்து நிமிடம் எட்டாகியிருந்தால் சதவீதம் 23-ஐத் தாண்டியிருக்கும். அந்த எண்ணைத் தேதியோடு சுவிட்சுப் பெட்டியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.